பொட்டு வைத்த சீடி

நம் வாசிகசாலைக்கு ஒரு கம்பியூட்டர் வந்ததே, உங்களில் எத்தனை பேருக்கு அது ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. சுனாமி வந்து அடுத்த மாரிக்குக் கொஞ்சம் முன்னால் அது வந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பெட்டியோடு கொண்டுவந்து இறக்கியது. பத்திரிகை வாசிக்கிற நீட்டு மேசையின் ஒரு முனையை அதற்கு ஒதுக்கினார்கள். நாமெல்லாம் வெறுங்காலோடு வரிசையில் நின்று, ஆளுக்கு ஐந்து நிமிடம் மவுஸைப் பிடித்துப் பார்த்தோம். பிறகு ஒரு நாள் அது ஓடவில்லை, பிறகு ஓடியது. உங்களுக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான். இடையில் என்ன நடந்தது என்று நான் யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை, வெட்கம்தான். இப்போது நம் பிள்ளைகள் நம்மைக் கிழடு என்று பகிடி பண்ணத் தொடங்கிவிட்டார்கள். இனி என்ன வெட்கம்?

அந்தக் கம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டது என் அண்ணன். அலையில் அப்பா போனபிறகு அம்மாவும் அண்ணனும் நானும் பெரியம்மா வீட்டில் இருந்தோம். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. அந்த நேரம் பத்தொன்பது வயதில் ஒரு பொடியனை வீட்டில் வைத்திருப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தியில் ஆமி மறிக்கும். மற்றப் பக்கம், வேனில் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் யாருடைய ஆட்கள் என்று கேட்கவே கூடாது. ஆகவே அண்ணன் சந்தியைத் தாண்டி எங்கும் போவதில்லை. வீடு, வாசிகசாலை, வீடு.

நிறுவனத்து சேர் ஒருவர் சொல்லியிருந்தார், வருகிற திங்கட்கிழமை வந்து பார்ப்பேன் என்று. கம்பியூட்டர் ஒழுங்காக ஓடினால் அண்ணனைப் படிப்பிக்கிறவராக எடுத்து, படம் ஒட்டிச் சீல் குத்திய அடையாள அட்டை தருவாராம். கழுத்தில் தொங்கப்போடுகிற அட்டை. சம்பளம் எவ்வளவு என்று அம்மா கேட்கவே இல்லை. அட்டையைத்தான் கேட்டார். வெள்ளைக்காரன் சீல் குத்திய அட்டை கழுத்தில் கிடந்தால் பிள்ளையில் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள் என்று நம்பினார்.

அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை மழையில் கரண்ட் போய் வந்தது, திரும்பப் போய் வந்தது. மூன்றாம் முறை கம்பியூட்டரைப் போட்டபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு இங்கிலீசு வரி. ஏதோ ஒரு ஃபைலைக் காணவில்லையாம். அண்ணன் அதைக் கொப்பியில் எழுதி எடுத்தார். ஆறு கிழமைக் கோர்ஸ் ஒன்றும் இரவல் புத்தகம் ஒன்றும்தான் அவருடைய படிப்பு.

“சிஸ்டம் போயிட்டு. திருப்பிப் போடவேணும்” என்றார்.

“எங்க போன? பெட்டி இவடத்ததானே கிடக்கு” என்று நான் கேட்டேன். அவருக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை.

வாசிகசாலைத் தலைவர் வந்து பார்த்தார். நல்ல மனிசன் என்று நீங்கள் சொல்வீர்கள், இருக்கட்டும். அன்று அவர் திரையை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “கேம் விளையாடிப் பழுதாக்கிப் போட்டான்” என்றார். அவருடைய மனைவியின் தமையன் மகன் ஒருவன் சும்மா இருந்தான். வாசிகசாலைப் பூட்டின் திறப்பை அவனிடம் கொடுக்கலாமா என்ற யோசனை அவருக்கு ஏற்கனவே இருந்தது. திங்கட்கிழமைக்குள் சரிவராவிட்டால் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிஸ்டம் போடுகிற சீடி பெட்டியோடு வரவில்லை. டவுனில் ஒரு கம்பியூட்டர் கடையில் எழுதித் தருவார்கள். அண்ணன் போக முடியாது. வியாழக்கிழமை நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். அண்ணன் என்னைப் பாடம் ஒப்பிக்கவைத்து அனுப்பியிருந்தார். வழி முழுக்க நான் அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன்: “பூட் ஆகிற சீடி. சும்மா கொப்பி பண்ணின சீடி இல்ல. பூட் ஆகவேணும்.”

கடைக்கார அண்ணன் அரைமணி நேரத்தில் எழுதித் தந்தார். கொடுக்கும் முன் கறுப்புப் பேனையை எடுத்து, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம்.

“உங்கட சந்தியில சீடி கண்டா விடமாட்டானுகளே. படம் புடிச்ச சீடியோ, சண்டைச் சீடியோ எண்டு நோண்டுவானுகள்” என்றவர், மேலே அழகான எழுத்தில் ‘பிள்ளையார் பக்திப் பாடல்கள்’ என்று எழுதினார். “எல்லாருக்கும் இப்படித்தான் குடுக்கிற. நேத்து கிரான் பக்கம் முருகன் பாட்டெண்டு போனது பிரிண்டர் சீடி.”

அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. “சாமிட பேரில பொய்யாத் தம்பி?”

“அம்மா, எந்தக் காரியமும் தொடங்கக்குள்ள கும்புடுற சாமிதானே பிள்ளையார்? இதுவும் மிசின் தொடங்குறதுக்குப் போடுற சீடிதான். அவர் கோவிக்கமாட்டார்.”

சந்தியில் வயதான சிப்பாய் ஒருவர் பையைத் திறந்தார். சீடியை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் சேர்த்து “கண தெய்யோ சிந்து” என்றேன், பிள்ளையார் பாட்டு என்று. அவர் ஒற்றைக் கையில் பிடித்திருந்த சீடியை இரண்டு கையிலும் ஏந்தி அம்மாவிடம் கொடுத்தார். அவர்களும் கும்பிடுகிற சாமிதானே.

நாங்கள் வரும்போது வாசிகசாலையைப் பூட்டிவிட்டார்கள். அம்மா சீடியை மேசையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். மேலே எழுதியிருந்ததைப் பெரியம்மா வாசித்தார். பெரியம்மா வாசித்தால் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பிள்ளையார் பெயர் மேசையில் கிடக்கக்கூடாது என்று சாமித் தட்டில் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிய முழுகி, எல்லாப் படத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது சீடிக்கும் வைத்தார். சாமி பெயரின் மேல் வைக்கக்கூடாது என்று மறுபக்கம் திருப்பி, மினுங்குகிற பக்கத்தில், நடு ஓட்டையைச் சுற்றி மூன்று பொட்டு.

நான் எடுக்கப் போனபோது சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அண்ணன் கண்டால் பெரியம்மாவோடு சத்தம் போடுவார். அவர்கள் இருவருக்கும் ஏற்கனவே அவ்வளவு சரியில்லை. நான் பாவாடை ஓரத்தில் எச்சில் தொட்டு, கோப்பை துடைப்பதுபோல் சுற்றிச் சுற்றி நன்றாகத் தேய்த்துத் துடைத்தேன். பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. அண்ணனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்லவேண்டிய விசயம் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை முழுக்க அண்ணன் பட்ட பாடு கொஞ்சமில்லை. சீடியைப் போட்டார், திரையில் அதே வெள்ளை வரி. போட்டவுடன் ஒரு பட்டனை அமத்திக்கொண்டிருந்தால் நீலத் திரை ஒன்று வரும். எதை முதலில் பார்ப்பது என்று அதில் சொல்லிக்கொடுக்கலாம். முதலில் சீடியைப் பார் என்று மாற்றினார். மிசின் சீடியைச் சுழற்றியது, இருமியது, விட்டுவிட்டது. மூடியைக் கழற்றி வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். பெரியம்மாவின் ஓடிக்கொலோனைப் பஞ்சில் தொட்டு, உள்ளே சீடி வாசிக்கிற கண்ணாடியைத் துடைத்தார். அப்போதும் இருமல்தான்.

பிறகு ஒன்று செய்தார், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கும். சீடி போடுகிற தட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஓட்டையும் ஒரு பட்டனும் இருந்தன. அதில் ஹெட்போனைச் செருகினால் சிஸ்டம் இல்லாமலே பாட்டுச் சீடி பாடும். தலைவர் வீட்டுக் கலியாண மேளச்சமாச் சீடியை என்னை விட்டு வாங்குவித்தார். போட்டார். என் காதில் ஹெட்போனை வைத்தார். நாதஸ்வரம் காதைப் பிளந்தது.

“இது நல்லாத்தான் வாசிக்குது. சீடிதான் பிழை” என்றார்.

“சீடியும் பிழையில்ல, மிசினும் பிழையில்ல, நீதான் பிழை” என்றார் தலைவர். தன் வீட்டுக் கலியாணச் சீடியை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் திரும்ப நானும் அம்மாவும். கடைக்கார அண்ணன் சீடியை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

“சந்தனம் மணக்குது. ஆரு பொட்டு வச்ச?”

அம்மா என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கதிரையில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் கீழ்க்கடைக்காரர் ஏறி வந்து பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன்பிறகுதான் விளக்கினார். சீடியை வெளியிலிருந்து வாசிப்பதில்லையாம். நடு ஓட்டைப் பக்கம் இருந்துதான் தொடங்குமாம். பெரியம்மா பொட்டு வைத்தது சரியாகத் தொடங்குகிற இடத்தில். போதாக்குறைக்கு, நான் சுற்றிச் சுற்றித் தேய்த்ததில் சந்தனக் குறுணி அதே வட்டத்தில் கீறிவிட்டது. துடைப்பதென்றால் நடுவிலிருந்து வெளியே நேராக இழுக்கவேண்டும். பற்பசை தொட்டு அப்படித் தேய்த்தால் சிலநேரம் மீளும் என்றும் சொன்னார்.

புதுச் சீடி ஒன்றை ஆறுதலாக, அவசரப்படாமல் எழுதித் தந்தார். பேனையை எடுத்ததும் அம்மா, “சாமி பேர் வேணாம் தம்பி” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் ‘சினிமாப் பாட்டு’ என்று எழுதினார்.

சந்தியில் அன்று நின்றவன் இளம் சிப்பாய். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். நான் “சினிமா சிந்து” என்றேன். அவன் முகம் மலர்ந்ததை இப்போதும் காண்கிறேன். கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சைகை காட்டிவிட்டுச் சீடியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். ஓடவும் முடியாது. ஓடினால் வேறு மாதிரி ஆகிவிடும். “அதில பாட்டு இல்லயே மகள், போட்டுப் பாத்தா என்ன நினைப்பான்?” என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

வாசிகசாலையில் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். பொட்டு விசயத்தைக் கேட்டதும் என்னைப் பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பழைய சீடியைப் பற்பசை தொட்டு நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே என்று ஒரு மணிநேரம் தேய்த்தார். போட்டார். மிசின் இருமவில்லை. நீலத் திரை வந்தது.

நான் கத்திவிட்டேன். அண்ணன் உஸ் என்றார். பழையதை முழுக்க அழித்துவிட்டுத்தான் புதியதைப் போடவேண்டும். அழிக்கட்டுமா என்று அது கேட்டது, அண்ணன் ஓம் என்று அமத்தினார். பிறகு ஒவ்வொரு ஃபைலாகக் கொப்பி ஆகத் தொடங்கி, அரைவாசி தாண்டியதும் ஒரு ஃபைலில் நின்றது. திரும்ப முயற்சி செய் என்று அமத்தினார். நின்றது. இருபது தரம் அமத்தியிருப்பார். இப்போது பழைய சிஸ்டமும் இல்லை, புதியதும் இல்லை. தலைவர் பின்னால் நின்று, “இருந்ததும் போச்சா?” என்றார். அவர் சொன்னது சரிதான், அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

அந்த நேரம் வாசலில் இரண்டு சைக்கிள் வந்து நின்றன. இளம் சிப்பாயும் இன்னொருவனும், எங்களை ஊரில் விசாரித்துக்கொண்டு. தோளில் துவக்கு, கையில் சீடி.

“ஏய் நங்கி, சிந்து நே” என்றான். தங்கச்சி, பாட்டு இல்லை. மலர்ந்த முகம் இப்போது வேறு மாதிரி இருந்தது. முகாமில் போட்டுப் பார்த்திருக்கிறான், ஒன்றும் பாடவில்லை. பாடாத சீடியில் என்ன இருக்கிறது?

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். தலைவருக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அவரும் அன்று சுவரோரம் ஒதுங்கிவிட்டார். அண்ணன்தான் எழுந்தார். கையை நீட்டிச் சீடியை வாங்கினார். தட்டில் வைத்துத் தள்ளினார். கம்பியூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டார். பக்கத்து வாங்குப் பலகையைக் காட்டி, இருங்கள் என்று சைகை செய்தார். அந்தத் தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

சிப்பாய் துவக்கை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தான். நீலத் திரையில் மஞ்சள் கோடு ஒன்று மெல்ல மெல்ல நீண்டது. இன்னும் முப்பத்தொன்பது நிமிடம் என்று எழுத்து வந்தது. அவன் மணிக்கூட்டைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். அம்மாவுக்கு அந்த மூன்றாவது பார்வைதான் கண்ணில் பட்டது. ஒரு வருடமாக எந்தக் கண்ணில் படக்கூடாது என்று பிள்ளையை ஒளித்து வைத்தாரோ, அந்தக் கண்ணுக்கு ஒரு சாண் இடைவெளியில் பிள்ளை இருக்கிறான். தலைவர் பிளேன்டீ வருவித்தார். மற்றச் சிப்பாய் பத்திரிகையில் படம் பார்த்தான். ஒரு ஃபைலிலும் அது நிற்கவில்லை.

முடிந்ததும் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் திரையில் விரிந்தன. பெட்டிக்குள்ளிருந்து சின்னதாக ஒரு இசை வந்தது. நாலைந்து சுரம்தான்.

“சிந்து!” என்று சிப்பாய் கையைத் தட்டிச் சிரித்தான். அந்தச் சீடியில் இருந்த பாட்டு அது ஒன்றுதான். நாங்களும் சிரித்தோம், அவன் சிரித்ததால். படத்தைக் காட்டித் தன் ஊரும் இப்படித்தான் என்றான். நமக்குப் பச்சை என்றால் வெல்லாவெளிப் பக்கத்து வட்டைகள், நீரும் நெல்லுமாகத் தட்டையாகக் கிடப்பவை. இப்படி மேடாக ஏறிப்போகிற பச்சையை நான் அதுவரை கண்டதில்லை.

அப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகவில்லை. முகாமில் ஒரு கம்பியூட்டர் பழுதாகிக் கிடக்கிறது, வா என்று அண்ணனைக் கூப்பிட்டான். கேட்கிற மாதிரித்தான் இருந்தது, ஆனால் மாட்டேன் என்று சொல்லக்கூடிய கேள்வி இல்லை. அண்ணன் சீடியை எடுத்துக்கொண்டு அவனுடைய சைக்கிள் பாரில் ஏறினார். அம்மா குழறிக்கொண்டு பின்னால் ஓடினார். முகாம் வாசலுக்கு எதிரே மதகில் அம்மாவும் நானும் இருந்தோம். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது.

பொழுது சாய்கிற நேரம் அண்ணன் நடந்து வந்தார். கையில் ஒரு பிஸ்கட் பெட்டி, ஒரு டின்பால். அவர்களுடைய கம்பியூட்டரும் ஓடுகிறதாம். தேத்தண்ணி கொடுத்தார்களாம், முகாம் பெரியவர் முதுகில் தட்டினாராம்.

அம்மா அன்று மாலையே குழாயடிக்குப் போனார். அலைக்குப் பிறகு அம்மா குழாயடியில் நின்று கதைத்தது அதுதான் முதல் முறை. “போனவன் நடந்து வந்தான்கா. தேத்தண்ணி குடுத்து அனுப்பியிருக்கானுகள். பெரியவர் முதுகில தட்டினாராம்.” கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். நான் குடத்தோடு பக்கத்தில் நின்று, ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அம்மாவைப் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு வருடத்துக்கு மேலாக அம்மாவிடம் சொல்வதற்கு ஒரு நல்ல செய்திகூட இருந்ததில்லை. கிடைத்த ஒன்றை வாய்க்குள் வைத்திருக்க அவரால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து நின்றார்கள். இறங்கவில்லை. “உங்கட பொடியனுக்கு காம்ப் ஆக்களோட நல்ல பழக்கமாமே?” என்று கேட்டார்கள். பெரியம்மா பதில் சொல்லும் முன் போய்விட்டார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆமி பிடிக்கும் என்றுதான் நாங்கள் பயந்தோம். விட்டது பிழையாகிவிட்டது.

பெரியம்மா தன் காதில் கிடந்ததைக் கழற்றி அண்ணன் கையில் வைத்தார். பகல் பஸ்ஸில் கொழும்புக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு, அவர்களுடைய கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் ஏறினார். குழந்தை கையில் இருந்தால் குறைவாக மறிப்பார்கள் என்பது பெரியம்மாவின் யோசனை. அண்ணன் என்னிடம், “திங்கக்கிழமை நீ போட்டுக் காட்டு. பட்டன் தெரியும்தானே?” என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை நிறுவனத்து சேர் வந்தார். நான் போட்டுக் காட்டினேன். பாட்டு வந்தது, பச்சை வந்தது. சேர் மெத்தச் சந்தோசப்பட்டார். பொடியன் எங்கே என்று கேட்டார். தலைவர், “களுதாவளைக் கோயிலுக்குப் போயிருக்கான் சேர், நேர்த்திக்கடன். கெட்டிக்காரப் பொடியன்” என்று கண் இமைக்காமல் பொய் சொன்னார். அந்த ஒரு பொய்க்காக அவருடைய மற்றதையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன். சேர் கடித உறையை அம்மாவிடம் கொடுத்தார். உள்ளே நீல நாடாவில் கோத்த அட்டை. அண்ணனின் படம், குறுக்கே வட்டச் சீல். அம்மா அதை வாங்கி, நன்றி சேர் என்றார்.

அண்ணன் கொழும்பில் எட்டு மாதம் ஒளிந்திருந்து கட்டாருக்குப் போனார். அங்கேயும் கம்பியூட்டர் வேலைதான். சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன கிழமை, சந்தியில் வெடி கொளுத்தினார்கள். அன்று பின்னேரம் அண்ணன் அழைத்தார். ஃபோனைச் சத்தமாக வைத்து அம்மாவிடம் கொடுத்தேன்.

“அம்மா, எல்லாம் முடிஞ்சிட்டாம். இனி நான் வரட்டா?”

இந்த ஒரு கேள்விக்காக மூன்றரை வருடம் காத்திருந்த மனிசி. கண்ணால் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் முதலில் கேட்டது, “வாறாய் எண்டு ஆருக்கும் சொன்னியா மனே?” என்றுதான்.

“இல்லம்மா. ஒருத்தருக்கும் சொல்லல்ல.”

அம்மா வாசலை எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. ஃபோனை வாயோடு அணைத்துப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, “ஒருக்கா நான் வாய விட்டது போதும். வராத மனே” என்றார்.

அண்ணன் அடுத்த வருடம் கேட்டார், அதற்கடுத்த வருடமும் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். அம்மாவின் செத்தவீட்டுக்குத்தான் வந்தார்.